பசுமை இணைப்பு

மெட்ராசிலிருந்து வந்திருந்த கட்டடக்கலைஞர், எங்கள் காலனிக்கு வீடு கட்டுவதற்கு முன்னால் எங்களிடம் கருத்துக் கேட்டார். கேட்ட இடம் ஊர் மாரியம்மன் கோயில் மண்டபம். காலனிக்காரன் கால் வைக்க முடியாத இடமாகப் பார்த்துத்தான் அந்த மகானுக்கு மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

மேசைமேல் தெர்மாகோலில் செய்த எங்கள் வீடுகள் இருந்தன. பச்சை ஸ்பாஞ்சைக் கிள்ளி மரங்களாக ஒட்டியிருந்தார். எங்கள் வீடுகளை ஊர்க்காரர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். நாங்கள் வெளியே, ரோட்டோரப் புளிய மரத்தடியில் நின்று அவர்கள் முதுகைப் பார்த்தோம். நான் அப்போது கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் பேசிய இங்கிலீஷில் பாதி எனக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"அவங்கல்லாம் ஏன் அங்கேயே நிக்கிறாங்க? கூச்சமா?" என்று கேட்டார். ஜிப்பா போட்டு, ஜோல்னாப் பை மாட்டி, வீடு கட்டுவதைப் பற்றி உலகம் முழுக்கப் படித்துவிட்டு வந்தவருக்கு இது தெரியவில்லை.

"ஆமாங்க. கூச்ச சுபாவம்," என்றார் பஞ்சாயத்து பிரசிடெண்டு.

அம்மாவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ரோட்டிலிருந்தே குரல் கொடுத்தாள். "எங்களுக்கு வழி வோணுங்க. இப்ப நடக்கிற வழிய அடைக்காம வூடு கட்டுங்க. அது போதும்."

காலனிக்கும் ஊருக்கும் நடுவே கிடந்த புறம்போக்கில் ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. அதில் இறங்கி நடந்தால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் பஸ் நிற்கும் இடம் வந்துவிடும். அது இல்லையென்றால் ஏரிக்கரையைச் சுற்ற வேண்டும். வெள்ளிமலையிலிருந்து இறங்கி வரும் பஸ் யாருக்காகவும் காத்திருக்காது.

மண்டபத்துச் சத்தத்தில் அவர் காதில் சரியாக விழவில்லை. அம்மா சொன்னதைப் பிரசிடெண்டு அவருக்கு விளக்கினார். "காத்தாட உக்கார ஒரு தோட்டம் இருந்தா நல்லாயிருக்கும்னு சொல்லுதுங்க."

கட்டடக்கலைஞர் நெகிழ்ந்துபோனார். அந்தப் புறம்போக்கு முழுக்கப் பூங்கா என்று அங்கேயே கோடு போட்டார். ஊரையும் காலனியையும் சேர்த்து வைக்கப்போகிற இடமாம் அது. 'பசுமை இணைப்பு' என்று பேரும் வைத்தார். இணைப்பைச் சுற்றிக் கருங்கல் தூண் நட்டு முள்கம்பி இழுத்தார்கள். நடுவில் சிமெண்டு பெஞ்சு, கொன்றைக் கன்றுகள், ஊர்ப் பக்கம் ஒரு கேட், எங்கள் பக்கம் ஒரு கேட். ஆடு மாடு நுழைந்துவிடும் என்று பிரசிடெண்டு இரண்டுக்கும் பூட்டுப் போட்டார். சாவி அவர் வீட்டில். 'மக்கள் பங்கேற்புடன் அமைக்கப்பட்டது' என்று ஒரு பலகையும் வைத்தார்கள்.

அண்ணி அப்போது மாசமாக இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதென்றால் கரை சுற்றித்தான். "வலி வந்தா இன்னா பண்றது?" என்று அம்மா தினமும் கேட்பாள். கேட்டுக்கொண்டே கேட்டைப் பார்ப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ஊர்க்காரர்கள் தங்கள் சாதிக்குத் தனியாக இடம் கேட்டு ரோட்டை மறித்தார்கள். கேட்டதில் தப்பில்லை. 'எங்கள் பிள்ளைகளையும் உள்ளே விடு, வாசலிலேயே நிறுத்தாதே' என்றார்கள். அதே வார்த்தையை நாங்கள் சொன்னால் மட்டும் அவர்களுக்குக் காது அடைத்துவிடும். ரோட்டோரப் புளிய மரங்களை எல்லாம் வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். அம்மா நின்று கத்திய மரமும் போயிற்று. பூங்காவில் ஓர் இலையைக்கூடக் கிள்ளவில்லை. அந்தப் பசுமையின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

மரங்கள் ரோட்டில் கிடந்தபோது, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த பிரசிடெண்டு மகளுக்கு வலி எடுத்தது. தாங்களே அடைத்த ரோட்டில் வண்டி போகாது. பூங்காவைக் கடந்து காலனிக்குள் புகுந்து ஏரிக்கரை வழியாகப் போனால், விழுந்த மரங்களைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறிவிடலாம். இரண்டு கேட்டும் திறந்தன. மாட்டு வண்டி கொன்றைக் கன்றுகளை மிதித்துக்கொண்டு வந்தது. கரையில் சக்கரம் சேற்றில் இறங்கியபோது அண்ணனும் எங்கள் தெரு ஆட்களும்தான் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்தாள். குழந்தை ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தது.

இனிமேல் கேட் திறந்தே இருக்கும் என்று காலனியில் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். எங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ரோட்டில் மரங்களை அப்புறப்படுத்தினார்கள், பஸ் ஓடியது, பூட்டு பழையபடி தொங்கியது.

அடுத்த மாதம் அண்ணிக்கு வலி வந்தது. அண்ணன் கேட்டைப் பிடித்து ஆட்டிக் கூப்பிட்டான். ஊர்ப் பக்கக் கேட் மட்டும் திறந்திருந்தது; உள்ளே பெஞ்சில் காற்று வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். "சாவி பிரசிடெண்டுகிட்ட கீது. அவரு சேலம் போயிருக்காரு," என்றார். பிறகு ஊரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அண்ணியைக் கரை வழியாக நடத்திக் கூட்டிப்போனோம். பாதிக் கரை தாண்டும்போது, முள்கம்பிக்கு அப்பால் பஸ் வந்து நின்று புறப்படுவது தெரிந்தது. அதற்குமேல் கொஞ்ச தூரம்கூட அவளால் போக முடியவில்லை. ஒரு பனை மரத்தடியில் அம்மாவின் புடவையை மறைப்பாகப் பிடித்தோம். பையன் அங்கேயே பிறந்தான்.

கொன்றை முதல் பூ விட்டபோது கட்டடக்கலைஞர் போட்டோ எடுக்க வந்தார். அன்றைக்கு இரண்டு கேட்டையும் திறந்து வைத்திருந்தார்கள். அம்மாவைப் பேரனோடு பெஞ்சில் உட்காரச் சொன்னார். அம்மா கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"இவன் பொறந்த எடம் அதோ, அந்தப் பனை மரம். அங்க வந்து எடுங்க," என்றாள்.

அவர் திரும்பி ஏரிக்கரையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி, கேமராவை ஒருமுறை உயர்த்தித் தாழ்த்தினார்.

"அங்க பசுமையா ஒண்ணும் இல்லம்மா," என்றார்.