பாட்டுச் சேனலுக்கு வந்த தொடர்

என் அண்ணி ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கிறார். முதல் பன்னிரண்டு வருடம் நேயர்களின் தொலைபேசியை எடுத்துப் பேசும் வேலை. "ஏம்மா, நேத்து அந்தப் பொண்ணை ஏன் சாகடிச்சீங்க?" என்று சண்டைக்கு வருபவர்களைச் சமாதானப்படுத்துவார். அந்தப் பிரிவை மூடியபோது பலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நிகழ்ச்சிப் பிரிவின் தலைமை அதிகாரிதான் அண்ணியைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டார். "ஜனங்ககிட்ட பன்னெண்டு வருஷம் பேசினவங்களை எப்படி விடறது?" என்றாராம். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது அண்ணியின் குரல் இளகிவிடும்.

புது வேலை, ஒளிபரப்பு அட்டவணை தயாரிப்பது. நிறுவனத்துக்கு மூன்று சேனல்கள்: குடும்பத் தொடர்களுக்கு ஒன்று, இளைஞர்களுக்கு ஒன்று, நாள் முழுக்கப் பழைய பாட்டுக்கு ஒன்று. புது நிகழ்ச்சி எதில், எத்தனை மணிக்கு என்பதைக் கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். அண்ணி மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். வாய் திறக்க மாட்டார்.

ஒரு வருடம் நகைச்சுவைத் தொடர் ஒன்று வந்தது. தையல் கூடத்தில் வேலை செய்யும் ஐந்து பெண்களின் கதை. எழுதியவரே முன்பு தையல் மெஷினில் உட்கார்ந்தவர். கதைச்சுருக்கம் எழுதுவதற்காக அண்ணி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, லேப்டாப்பைச் சமையலறை மேடையில் வைத்து ஓடவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பார்க்காமலேயே சிரிக்கிறீங்களே?"

"பார்க்க என்ன இருக்கு? பேச்சே போதுமே!"

அடுத்த நாள் கூட்டத்தில் விளம்பரப் பிரிவுத் தலைவர், "ஒரு முகமும் தெரிஞ்ச முகம் இல்ல. இளைஞர் சேனல்ல ஒரு ஓரமா போட்டுடலாம்" என்றார்.

அண்ணி கையைத் தூக்கினார். "சார், பாட்டுச் சேனல்ல போடலாமா? காலையில பதினோரு மணிக்கு."

"பாட்டுச் சேனல்ல நாடகமா?" அறையே சிரித்தது.

"இருங்க, அவங்க சொல்லி முடிக்கட்டும்" என்றார் அதிகாரி.

"தையல் கூடம், சலவைக் கூடம், பார்சல் கட்டற இடம், எல்லாத்துலயும் அந்தச் சேனல்தான் சார் ஓடுது. எனக்கு ஃபோன் பண்றப்ப பின்னாடி மெஷின் சத்தம் கேக்கும். அவங்களுக்குக் கைதான் வேலையா இருக்கு, காது சும்மாதான் இருக்கு. இந்தத் தொடரைக் கேட்டாலே போதும் சார்."

அதிகாரி பாட்டுச் சேனலின் அட்டவணையை எடுத்துப் பார்த்தார். பிறகு, "மூணு மாசம் போட்டுப் பார்ப்போம். சரியா வரலைன்னா பழி எம்மேல" என்றார்.

எட்டு வாரம் ஒன்றும் அசையவில்லை. பார்வையாளர் கணக்கெடுக்கும் கருவி வீடுகளில்தான் இருந்தது. வேலைக் கூடங்களில் இல்லை. "என்னம்மா, உங்க தையல்காரங்கல்லாம் லீவா?" என்று விளம்பரத் தலைவர் குத்திக் காட்டினார். தன்னை நம்பியவருக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்று அண்ணிக்குக் கவலை.

ஒன்பதாவது வாரம் ஒரு புதன்கிழமை, தொடரை நிறுத்திவிட்டு ஏதோ விளையாட்டுப் போட்டியை நேரலையில் போட்டார்கள். பத்து நிமிடத்தில் வரவேற்பறைப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா, எல்லா லைனும் அடிக்குது! என்னால ஆகல!"

அண்ணி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க கூடத்துல எழுபது பேரு மெஷினை நிறுத்திட்டு உக்காந்திருக்கோம்" என்றது ஒரு குரல். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து ஒருவர் கெஞ்சினார்: "நேத்து கோவிச்சுக்கிட்டுப் போன சூப்பர்வைசரம்மா திரும்பி வந்தாங்களா? அதையாவது சொல்லிடுங்க தாயி!"

"நாளைக்கு வந்துடுவாங்க. கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு இடத்தின் பெயரையும் அண்ணி எழுதிக்கொண்டார். மதியத்துக்குள் நூற்றுப் பன்னிரண்டு இடங்கள். விளம்பரத் தலைவர் தாளை இரண்டு முறை படித்தார். "இதுல ஒரு காப்பி குடுங்கம்மா" என்றார். அடுத்த மாதம் ஒரு தையல் நூல் நிறுவனம் தொடருக்கு விளம்பரதாரராக வந்தது. தொடர் நான்கு வருடம் ஓடியது.

அதை எழுதிய பெண் ஒரு நாள் அண்ணியைத் தேடி வந்தார். "என்கூட வேலை பார்த்தவங்க இன்னும் அதே கூடத்துலதான் இருக்காங்க. நான் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருக்குங்கறாங்க" என்றார்.

அண்ணி அவர் கையைப் பிடித்து அதிகாரியின் அறைக்கு அழைத்துப் போனார்.

"நன்றி சொல்லணும்னா இவர்கிட்ட சொல்லுங்க."

"நான் என்ன செஞ்சேன்? 'அவங்க சொல்லி முடிக்கட்டும்'னு ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதானே" என்றார் அவர்.

"அந்த ஒரு வார்த்தையை வேற யாரும் சொல்லல சார்" என்றார் அண்ணி.