சட்டையைக் கழற்றும் முகூர்த்தம்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கல்யாணம் நடந்தது.

பதற வேண்டாம் — பெண் பழைய பெண்தான். அறுபது வயது முடிந்தால் அதே மனைவிக்கு இன்னொரு முறை தாலி கட்ட வேண்டும் என்று நம் பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். அபிராமபுரத்தில், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு சின்ன மண்டபம். நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும்தான் சொல்லியிருந்தோம். வந்ததோ திருவிழாக் கூட்டம். பந்தியில் இலை போதாமல் சமையல்காரர் என்னை முறைத்தார். ஏன் அவ்வளவு கூட்டம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அறுபதாம் கல்யாணத்தில் ஒரு சங்கடம் உண்டு. மாப்பிள்ளை சட்டை போடக் கூடாது. இடுப்பில் வேட்டி, தோளில் ஒரு துண்டு... அவ்வளவுதான். மனைவி பட்டுப் புடவையில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பாள். பக்கத்து மணையில் நீங்கள் திறந்த வயிற்றோடு உட்கார வேண்டும். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள். நனைந்த துண்டு நழுவி எங்கேயோ போய்விடும். இத்தனையையும் ஒருவர் வீடியோ வேறு எடுப்பார்.

என் தொப்பையைப் பற்றிப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். பல வாரங்கள் இந்தப் பத்தியே அதன் தயவில்தான் ஓடியிருக்கிறது. தொளதொள சட்டையை வெளியே விட்டுக்கொண்டு இத்தனை காலம் சமாளித்துவிட்டேன். போட்டோ எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும். ஆனால் ஒரு காலைப்பொழுது முழுக்க மூச்சை இழுத்துப் பிடித்தால் என்ன ஆகும்? கல்யாணத்தோடு கருமாதியையும் சேர்த்து முடித்துவிடலாம்.

அப்புறம், அண்ணன்.

என் அண்ணன் ஆறுமுகத்துக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். சென்னைக்கு வந்து தலைமுறை மாறிவிட்டது; அண்ணனின் பேச்சு மட்டும் மாறவில்லை. என்னைவிடப் பெரியவர், ஆனால் வயிறு இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். தலை நிறைய முடி. அதில் அவருக்குத் தனி கர்வம். கடையில் கண்ணாடி பதித்த தூண்கள் எத்தனை உண்டோ அத்தனையிலும் நின்று சீப்பை எடுப்பார். நான் நேர் எதிர் — மேலே காலி, நடுவில் நிறைவு. சின்ன வயதிலிருந்தே என்னைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டதில்லை. குண்டா என்றுதான் கூப்பிடுவார். என் முதல் கல்யாணத்தில் மைக் ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்படித்தான் கூப்பிட்டார்.

அவர் என்னோடு பேசி நாலைந்து வருஷம் ஆகிறது. சண்டை எதற்குத் தெரியுமா? தன் மகன் கல்யாணப் பத்திரிகையை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். கூடப் பிறந்தவனை வீடு தேடி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து அழைக்க வேண்டாமா? நான் போகவில்லை. தம்பி வரவில்லை என்று அவர் முறுக்கிக்கொண்டார். முறையாக அழைக்கவில்லை என்று நானும் முறுக்கிக்கொண்டேன். இப்போது அழைக்க வேண்டியது என் முறை. நேரில் போய்க் கூப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று என் மனைவி கோமதி தினமும் சொல்லிப் பார்த்தாள். நானா போவேன்? எனக்கும் வாட்ஸப் இருக்கிறது என்றேன்.

வரமாட்டார் என்று தெரியும். ஆனால் ஒருவேளை வந்துவிட்டால்? இத்தனை வருஷம் கழித்து, அத்தனை பேர் முன்னால், அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை ‘குண்டா’வாக இருக்கக் கூடாது. இதுதான் என் சபதம். அவர் வாயடைத்து நிற்க வேண்டும். வயிற்றில் கட்டம் கட்டமாக ஆறு தெரிய வேண்டும். ஆறு கஷ்டம் என்றால் நாலாவது.

ஜிம் பக்கத்து மயிலாப்பூரிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே நான் டிரெட்மில்லில் இரைக்க இரைக்க நடந்தால், கீரை வாங்க வருகிறவர்கள் எல்லாம் கண்ணாடி வழியே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். நம்மைத் தெரிந்தவர் யாரும் இல்லாத இடம் வேண்டும். எனவே அடையாறு. பஸ்ஸில் போய், புற்றுநோய் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கினால், எதிர்ச் சந்தில் மாடியில் ஜிம். யார் கண்ணிலும் படமாட்டேன்... அப்படித்தான் நினைத்தேன்.

பயிற்சியாளர் பெயர் டில்லி. புதுப்பேட்டைக்காரர். கை கால் எல்லாம் அப்படியே இருக்கட்டும், வயிறு மட்டும் குறைந்தால் போதும் என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இதைத் தினமும் யாராவது கேட்பார்கள் போலிருக்கிறது.

“அத்த மட்டும் தனியா எறக்க முடியாது சார். சிக்ஸ் பேக்கு எல்லாருக்கும் உள்ள கீது. மேல கொழுப்பு போத்திகினு கீது, அவ்ளோதான். உங்களுக்கு மொதல்ல மூஞ்சி எறங்கும். வயிறு கட்சீலதான் எறங்கும்.”

முகம் இறங்கினால் என்ன, நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாக்கியத்தை நான் இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை மல்லாந்து படுப்பதும் எழ முயல்வதுமாகக் கழிந்தது. காபியில் சர்க்கரை போயிற்று. சோறு ஒரு கரண்டியாகச் சுருங்கியது. முளைகட்டிய பயறு, முட்டை வெள்ளை, வெள்ளரிக்காய். சொதி என்று எங்கள் ஊரில் ஒரு குழம்பு உண்டு — தேங்காய்ப்பாலில் காய்கறி வெந்து, எலுமிச்சை பிழிந்து, இஞ்சிப் பச்சடியோடு சாப்பிடுவது. கோமதி அதைச் செய்த நாளில் நான் பால்கனியில் உட்கார்ந்து வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

டில்லி சொன்னபடியே ஆயிற்று. கன்னம் ஒட்டியது. கழுத்தில் தோல் தொங்கியது. கண்ணுக்குக் கீழே பள்ளம். தொப்பை மட்டும் கடைசி வாடகைதாரர் மாதிரி காலி செய்ய மறுத்தது.

நம் ஊரில் ஒரு விசேஷம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பத்து கிலோ ஏறினால் “பார்க்க நல்லா இருக்கீங்க” என்பார்கள். அதே பத்து கிலோ இறங்கினால் முதல் கேள்வி — “சுகரா?” அடுத்தது, “டாக்டர்கிட்ட காட்டினீங்களா?” நாமாக முயன்று இளைத்திருப்போம் என்று ஒருத்தருக்கும் தோன்றாது. சாப்பாடு இருந்தும் ஒருவன் சாப்பிடாமல் இருப்பான் என்றால் யார்தான் நம்புவார்கள்? தெப்பக்குளத்தருகே பூ விற்கும் அம்மாள்கூட என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

ஒரு நாள் அடையாறில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். அதே பஸ்ஸில் ஜன்னலோரமாக என் ஒன்றுவிட்ட தங்கை விசாலம். எனக்கோ ஒட்டிய கன்னம், கையில் துண்டு, பிளாஸ்க், பை. அந்த ஸ்டாப். எங்கே அண்ணா என்று கேட்டாள். ஜிம்முக்குப் போகிறேன் என்று இந்த வயதில் எப்படிச் சொல்வது? சும்மா ஒரு செக்கப் என்று சொல்லிவைத்தேன். அவள் முகம் மாறியது. பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் விசில் கொடுத்ததால் அவசரத்தில் முகம் அப்படி ஆகியிருக்கும் என்று நான் என் வழியே மாடி ஏறிவிட்டேன்.

அதன்பின் சொந்தக்காரர்கள் எல்லாரும் திடீரென்று நல்லவர்கள் ஆனார்கள். வருஷக்கணக்காகப் பேசாத மைத்துனர் போன் செய்து பழைய கதை பேசினார். பெரியப்பா மகள் மாதுளம்பழம் கொடுத்தனுப்பினாள். கோமதியிடம் எல்லாரும் தைரியமாக இரு என்றார்கள். என்னோடு இன்னொரு முறை வாழப் போகிறாள், தைரியம் தேவைதான் என்று நான் சிரித்தேன். அறுபது வயதுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு ஒரே பூரிப்பு. அண்ணனுக்கு மட்டும் பத்திரிகை அனுப்பியதற்கு இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஞாயிறு காலை. சட்டையைக் கழற்றினேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, நான் இருமினால், வயிற்றில் இரண்டு கட்டம் மாதிரி ஏதோ தெரிந்தது. போதும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒருவராவது வயிற்றைப் பார்க்க வேண்டுமே! எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தண்ணீர் ஊற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அத்தைகள் கையைப் பிடித்தால் விடவில்லை. ஹோமப் புகை ரொம்ப அதிகம் என்று ஐயரிடம் நான் புகார்கூடச் சொன்னேன்.

அப்போது வரிசையில் ஒரு மொட்டைத் தலை வந்தது. தலை முழுக்கச் சந்தனம். யாரோ பெரியவர் என்று நினைத்தேன். கலசத்தை வாங்கிய கையைப் பார்த்ததும்தான் தெரிந்தது... எங்கள் அப்பாவின் மோதிரம். அண்ணன்.

அவர் ஊற்றிய தண்ணீர் பாதி என் தலையிலும் பாதி கோமதியின் புடவையிலும் விழுந்தது. குனிந்து, “நமச்சிவாயம்” என்றார்.

என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சபதம் நிறைவேறிவிட்டது. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை.

துணி மாற்றும் அறைக்கு என் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

“டாக்டர் எந்த ஸ்டேஜ்னு சொல்லுதாவ? என்கிட்ட மறைக்காத. விசாலம் எல்லாம் சொல்லிட்டா. திருச்செந்தூர்ல முடி இறக்கிட்டு நேரா இங்கதான் வாரேன்.”

எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. பஸ் ஸ்டாப், மாதுளம்பழம், இந்தக் கூட்டம். அது மட்டுமா? வாட்ஸப் அழைப்பையே பொருட்படுத்தாமல், உயிராக வளர்த்த முடியை எனக்காக இறக்கிவிட்டு வந்து நிற்கிறார். உண்மையைச் சொன்னால் இப்படியே திரும்பி நடந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது?

“அண்ணே... எனக்கு ஒரு நோயும் இல்ல. அடையாறுக்கு ஜிம்முக்குப் போனேன். நீங்க வந்தா குண்டான்னு கூப்பிடக் கூடாதுன்னு.”

அண்ணன் முதல் தடவையாக என் வயிற்றைப் பார்த்தார். ஒரு விரலால் குத்திப் பார்த்தார். பிறகு தன் தலையைத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

“அப்போ உன் தொப்பைக்கா ஏலே நான் மொட்டை போட்டிருக்கேன்?”

ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் நானும் அழுதுகொண்டிருந்தேன். கோமதி கதவைத் தட்டி, தாலி கட்ட நேரமாகிறது, அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

தாலி கட்டி முடிந்ததும் அண்ணன் வரிசை வரிசையாகப் போய், பயலுக்கு ஒன்றுமில்லை, ஜிம்முக்குப் போய்த் தொலைத்திருக்கிறான் என்று விளக்கினார். எல்லாருக்கும் நிம்மதி. ஒன்றிரண்டு பேருக்குக் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. பந்தியில் அண்ணன் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். கோமதி பிடிவாதமாக மெனுவில் சொதி போட்டிருந்தாள். அண்ணன் பரிமாறுபவரின் கையைப் பிடித்து என் இலையில் இன்னும் இரண்டு கரண்டி ஊற்ற வைத்தார்.

“அடுத்த மாசம் பேத்திக்குக் காது குத்து. நேர்ல சொல்லிட்டேன், கேட்டியா குண்டா?”

கேட்டேன். அந்த வார்த்தை காதில் தேனாக விழுந்தது. மூன்றாம் தடவையும் சொதி வாங்கிக்கொண்டேன்.

முடி பழையபடி வளர ஆறு மாசம் ஆகும் என்று அண்ணன் கவலைப்படுகிறார். என் தொப்பைக்கு அவ்வளவு அவகாசம் தேவைப்படாது.