முதல் மணி நேரத் தக்காளி

நீல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா அது. மூடியின் ஒரு மூலை நெளிந்துபோயிருந்ததால் கட்டைவிரலால் அழுத்தினால்தான் மூடும். செஃப் அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு படுக்கையில் சாய்ந்திருப்பார். இடது கையில் இரண்டு ஊசிகள் ஏறியிருக்கும். ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குப் போய், சுற்றி, திரும்பி உடம்புக்குள் வரும்வரை வலது கையை டப்பாமேல் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் மெஷினைப் பார்த்துவிட்டு நிமிர்ந்ததும் கேட்பார்: "இன்னாம்மா, தொறக்கலாமா?" நான் "தொறங்கண்ணே" என்று சொன்ன பிறகுதான் மூடி திறக்கும். உள்ளே பல் குத்தும் குச்சிகளில் கோத்த குட்டித் தக்காளி, அதையடுத்து வெள்ளையாக ஒரு சீஸ் துண்டு, நடுவில் ஒரு பச்சை இலை.

ஆவடிப் பக்கம் ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டரில் நான் டெக்னீஷியனாக வேலை பார்த்த காலம். கிட்னி கைவிட்டவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் மெஷினில் ரத்தம் கழுவும் வேலை. டயாலிசிஸ் என்றதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு "ஐயோ பாவம்" என்பவர்களைக் கண்டால் எனக்கு அப்போதும் எரிச்சல் வரும், இப்போதும் வரும். அங்கே படுத்திருப்பவர்கள் நம்மைப்போலவே சண்டை போடுவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள், ஃபேனுக்கு அடியில் இருக்கும் படுக்கைக்கு அடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு இல்லாதது வாய்க்கு ருசியான சாப்பாடு ஒன்றுதான். தண்ணீர் அளந்து குடிக்க வேண்டும். உப்பு கூடாது. இளநீர், வாழைப்பழம், தக்காளி எல்லாம் விஷத்துக்குச் சமம். அவற்றிலிருக்கும் பொட்டாசியத்தைக் கெட்டுப்போன கிட்னி வெளியே தள்ளாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயம் நின்றுவிடும், முன்னறிவிப்பெல்லாம் கிடையாது.

அதற்கும் அவர்கள் ஒரு சந்து கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மெஷின் ஓட ஆரம்பித்த முதல் மணி நேரத்தில் தின்றால், தின்றதில் கொஞ்சத்தையாவது மெஷினே இழுத்துவிடும். பாதி உண்மை, பாதி மனசைத் தேற்றிக்கொள்வது. டாக்டரும் "அளவோடு, மெஷினில் இருக்கும்போது மட்டும்" என்று தலையாட்டியிருந்தார். எனவே காலை ஷிஃப்டில் ஊசி குத்தி முடித்ததும் எங்கள் வார்டு கல்யாண வீட்டுப் பந்திபோல ஆகிவிடும். ஒருவர் ஒரு விள்ளல் மாம்பழம், இன்னொருவர் அரைத் துண்டு சாக்லேட். காலையில் வீட்டில் பல்லில் பச்சைத்தண்ணீர்கூடப் படாமல் வருவார்கள், அந்த ஒரு மணி நேரத்துக்காகவே.

செஃப் அண்ணன் முத்தாபுதுப்பேட்டையில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அங்கே வயல் வேலை செய்தவர்கள். வயல்கள் மனைகளான பிறகு இவர் ஓட்டல் வேலைக்குப் போய், அங்கிருந்து கல்ஃபில் ஒரு பெரிய ஓட்டலுக்குப் போனார். அடுப்பே இல்லாத சமையலறைப் பகுதியில் சாலட், பழம், சீஸ் அடுக்கும் வேலை. பிரஷரை மதிக்காமல் விட்டதில் இரண்டு கிட்னியும் போய்த் திரும்பிவந்தார். மனைவி அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். கிட்னி கொடுக்க முன்வந்த யாருடையதும் இவருக்குப் பொருந்தவில்லை. "எனுக்கு மெஷின்தாம்மா பொண்டாட்டி. வாரத்துல மூணு நாளு கூடப் படுத்துகினு கீறேன்" என்பார். அவர் மனைவியும் பக்கத்தில் நின்று சிரிப்பார்.

அவருக்கு அடுத்த படுக்கை ஒரு தம்பியுடையது. தேனிப் பக்கத்துப் பையன், ஐடி வேலை. அண்ணனூரில் ரயில்வே ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் அம்மாவோடு வாடகைக்கு இருந்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வயதில் கிட்னி போனது. அப்பா இல்லை. அம்மாவின் கிட்னி அவனுக்குப் பொருந்திவிட்டது, எல்லா டெஸ்டும் முடிந்துவிட்டது. ஆனால் ஆபரேஷனுக்குத் தேதி மட்டும் கிடைக்கவில்லை. பையன் சாப்பிடுவதே இல்லை. உப்பில்லாத சோற்றைப் பார்த்தாலே குமட்டும் அவனுக்கு. ரத்தத்தில் புரதம் குறைந்துகொண்டே போனது. "சத்து ஏறினால்தான் கத்தி வைப்பேன், இந்த உடம்பில் வைத்தால் புண் ஆறாது" என்று ஆபரேஷன் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவன் உயிர் சாப்பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால் அது வெறும் பேச்சில்லை. அந்த அம்மா முட்டையின் வெள்ளைக்கருவை எத்தனையோ விதமாகச் செய்து கொண்டுவந்து, வார்டு வாசலில் நின்றபடி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அவன் ஒரு வாய் வைத்துவிட்டு மூடிவிடுவான்.

செஃப் அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. டாக்டரிடம் அவரே போய்ப் பேசிவிட்டு வந்து, ஒரு நாள் அந்த டப்பாவை எடுத்துவந்தார். குட்டித் தக்காளிகளை இரண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊறப்போடுவாராம். பொட்டாசியம் கொஞ்சமாவது இறங்கும். சீஸ், அம்பத்தூர் சூப்பர் மார்க்கெட்டில் தண்ணீரில் மிதக்கும் வெள்ளை உருண்டையாக விற்பது. மொசரெல்லா என்று பெயர். மற்ற சீஸ்போல உப்பு கரிக்காது. இலை திருநீற்றுப்பச்சிலை. அம்மன் கோயில் மாலையில் வைத்துக் கட்டுவார்களே, அதுதான். மேலே நாலு சொட்டு எலுமிச்சை, கொஞ்சம் மிளகுத்தூள். "உப்பு இல்லைன்னு நாக்குக்குத் தெரியறதுக்குள்ள எலுமிச்ச அத்த ஏமாத்திடும்மா" என்றார்.

"இன்னா மாமே, அந்த முட்டையைத் துண்ண மாட்டேன்ற. இத்தயாவது துண்ணு பாரு. அங்க வெள்ளக்காரன் பார்ட்டில மொத ப்ளேட்டே இதான். ஒரு குச்சி எடுத்தவன் ஒரு குச்சியோட நிறுத்தினதே கெடையாது."

தம்பி ஒன்றை எடுத்தான். மென்றான். கண்ணை மூடிக்கொண்டான். பிறகு கையை நீட்டி இன்னொன்று கேட்டான். வாசலில் நின்ற அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றிலிருந்து தக்காளியைக் குறைத்து சீஸைப் பெரிதாக்கிக் கோத்துக்கொண்டு வந்தார் அண்ணன். சீஸிலிருக்கும் பாஸ்பரஸ் ரத்தத்தில் ஏறாமல் பிடித்துவைக்கும் மாத்திரையையும் அவன் கையில் அவரே வைப்பார். எல்லாம் மெஷின் ஓடிய பிறகுதான். அந்த விஷயத்தில் அண்ணன் கறார். யாராவது முன்னாலேயே கைநீட்டினால் விரலில் அடிப்பார். புரதம் மெல்ல ஏறியது. அடுத்த ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் தேதி குறிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதைச் சொன்ன அன்றைக்கு அந்த அம்மா வார்டில் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். எங்கள் ஆட்களுக்குக் கற்கண்டு ஆகும்.

அது ஒரு திங்கட்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளி விழுவதால் திங்கட்கிழமை வருகிறவர்களின் உடம்பில்தான் கழிவு அதிகம் சேர்ந்திருக்கும். நாங்கள் கொஞ்சம் பயந்தே வேலை பார்க்கும் நாள். அன்று பார்த்து மெஷின்களுக்குத் தண்ணீர் சுத்தம் செய்து அனுப்பும் மோட்டார் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் ஒரு மெஷினையும் தொட முடியாது. வரவேற்பில் இருந்தவர்கள் "பத்து நிமிஷம், பத்து நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் உள்ளே வேறு சென்டர்களில் இடம் கிடைக்குமா என்று போன் போட்டுக்கொண்டிருந்தேன். செஃப் அண்ணன் மெக்கானிக்கோடு கீழே மோட்டார் அறையில் நின்றிருந்தார். தம்பியின் அம்மா வரவேற்பில் நின்று எப்போது ஓடும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். டப்பா காத்திருப்பு நாற்காலியில் தம்பிக்குப் பக்கத்தில் இருந்தது. காலையிலிருந்து வெறும் வயிறு. அவன் வாழ்க்கையில் பல மாதங்களுக்குப் பிறகு அவனுக்குப் பசித்தது.

அண்ணன் மேலே வந்தபோது டப்பா கிட்டத்தட்டக் காலி. அவர் கத்தியதும், பிறகு குரல் மாறியதும் எனக்கு உள்ளேயே கேட்டது.

"டேய், மெஷின் ஓடல, அதுக்குள்ள இன்னாடா அவசரம்?"

"பத்து நிமிஷம்தானேண்ணே. பசிச்சுச்சு."

"பசிச்சுதா?" என்றார் அண்ணன். "நெசமா பசிச்சுதா நைனா?"

நான் வெளியே வந்தபோது அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். அதை மறைக்க முடியாமல் நின்றார். பத்து நிமிஷத்தில் மெஷின் ஓடிவிடும் என்று அவரும் நம்பினார்.

ஓடவில்லை. மோட்டாருக்குச் சாமான் பாரிமுனையிலிருந்து வர வேண்டும், சாயங்காலம் வாருங்கள், மூச்சுத்திணறல் இருப்பவர்கள் மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள். தம்பி "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அம்மாவோடு ஆட்டோவில் ஏறினான். மத்தியானத்துக்குமேல் கால் இரண்டும் துவண்டுபோகிறது என்றானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பொட்டாசியம் என்றார்கள்.

சாயங்காலம் தண்ணீர் வந்தது. எல்லா மெஷினும் ஓடின. செஃப் அண்ணனுக்கு ஊசி குத்தி முடித்ததும் பக்கத்துப் படுக்கையைப் பார்த்தார். "எங்கம்மா அவன்? இன்னும் வரலியா?" என்றார். எனக்குப் போனில் செய்தி வந்திருந்தது, ஆனால் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அதைச் சொல்லாமல் அவர் பிரஷரைக் குறித்துக்கொண்டேன். மெஷின் முடிந்த பிறகு சொன்னேன்.

தண்ணீரில் ஊறிய நாலைந்து குட்டித் தக்காளி ஒரு ஆளைக் கொல்லாது, இரண்டு நாள் சேர்ந்த கழிவும் மெஷின் ஏறாததும்தான் கொன்றன, அந்த மோட்டார்தான் கொன்றது என்று எத்தனையோ தடவை அவரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்கூட. அவர் ஒரே பதில்தான் சொல்வார். "மோட்டாருக்கு இன்னாம்மா தெரியும்? தக்காளி வாங்கினவன் நானு."

மகனை ஊருக்குக் கொண்டுபோய்க் காரியம் முடித்துவிட்டு, வீட்டைக் காலி செய்வதற்காக அந்த அம்மா அண்ணனூருக்குத் திரும்பிவந்தார். சாவியைக் கொடுப்பதற்குமுன் அவன் இருந்த வீட்டில் ஒரு படையல் போட வேண்டும் என்று எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் வைப்பதுதானே வழக்கம். செஃப் அண்ணனிடம் போனில் சொன்னாராம்: "அந்தத் தக்காளிக் குச்சி செஞ்சு எடுத்தாங்கப்பா. அவனுக்குப் பிடிச்சதுன்னு சொல்ல வேற ஒண்ணுமில்ல."

அண்ணன் செய்துகொண்டு வந்தார். அதே டப்பா. மூட்டை கட்டிய சாமான்களுக்கு நடுவே, கூடத்துச் சுவரில் சாய்த்துவைத்த படத்தில் பையன் ஆபீஸ் அடையாள அட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தான். வாழையிலையில் வடை, பாயாசம், அவன் கடைசி வருஷங்களில் தொடக்கூடாது என்று நாங்கள் தடுத்த எல்லாமே இருந்தன. ஓர் இளநீர்கூட இருந்தது. கற்பூரம் ஏற்றிவிட்டு அந்த அம்மா "தொறந்து வைங்கப்பா" என்றார். அண்ணன் டப்பாவைப் படத்துக்கு முன்னால் வைத்தார். மூடிமேல் வைத்த கையை எடுக்கவில்லை. பழக்கம்தான் என்று நினைக்கிறேன். திரும்பி என்னைப் பார்த்தார்.

"தொறக்கலாமாம்மா?"

அங்கே நான் பார்ப்பதற்கு மெஷின் எதுவும் இல்லை. "தொறங்கண்ணே" என்றேன்.

திறந்துவிட்டு அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததை முழுக்க அந்த அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா தடுக்காமல் கேட்டுக்கொண்டார்.

"தெரியும்ப்பா" என்றார் கடைசியில். "ஆட்டோவுல வரும்போதே சொன்னான். 'அம்மா, இன்னைக்கு வயிறு நெறையத் தின்னுட்டேம்மா'ன்னான். அந்த வார்த்தைய அவன் வாயால கேட்டு எம்புட்டு நாளாச்சு. அதுக்காகத்தான் இதை வைக்கச் சொன்னேன்." பிறகு தன் இடுப்புக்கு மேலே, முதுகுப் பக்கம் கையை வைத்துக்கொண்டார். "அவனுக்குக் குடுக்கணும்னு வச்சிருந்தது இன்னும் எங்கிட்டயேதான் கெடக்கு."

செஃப் அண்ணன் அழுததை அன்று ஒரு முறைதான் பார்த்தேன். நானும் அழுதேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கிளம்பும்போது டப்பாவை அவர் எடுக்கவில்லை. நான் எடுத்துவந்து கழுவிக் கொடுத்தபோதும் வாங்கவில்லை. "நீயே வச்சிக்கோம்மா" என்றார். அதன் பிறகும் ஷிஃப்டுக்கு ஒழுங்காக வந்தார். முதல் மணி நேரத்தில் மற்றவர்கள் தின்னும்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி அவரும் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு நான் அந்த வேலையில் அதிக நாள் இருக்கவில்லை.

போன சனிக்கிழமை எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் வீட்டுக்கு ஒரு பண்டம் கொண்டுவந்து கூடிச் சாப்பிட்டோம். "அடுப்பு வேண்டாம், ஈஸியா ஏதாவது போதும்" என்று குழுவில் செய்தி போட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த அடுப்பில்லாத பண்டம் ஒன்றே ஒன்றுதான். குட்டித் தக்காளி, மொசரெல்லா, திருநீற்றுப்பச்சிலை, எலுமிச்சை, மிளகு. உப்பு தூவக் கை போனது, நிறுத்திவிட்டேன். இங்கே யாருக்கும் தேவையில்லை, ஆனாலும் தக்காளியைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். நீல டப்பாவில் அடுக்கி, நெளிந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினேன்.

மேசையில் வைத்த பிறகும் மூடிமேலிருந்து என் கை வரவில்லை. நாலாவது மாடிப் பெண் சிரித்துக்கொண்டே "என்ன, தொறக்கவே மாட்டீங்களா?" என்றாள். கையை எடுத்தேன். ஆளுக்கு இரண்டு, மூன்று என்று எடுத்தார்கள். ரொம்ப நன்றாக இருக்கிறது, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். ரொம்ப ஈஸி என்றேன். வாயில் போட்டு மென்றபடி அவர்கள் மனை விலையையும் பள்ளிக்கூட பஸ்ஸையும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பா காலியாயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.