ஏரிக்கரை வழியாகப் போகச் சொன்னவன்

அந்த வருஷங்களில் நான் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சியில் கிளம்பி, எங்கள் ஊரில் நின்று, மலையேறி வெள்ளிமலை வரை போய்வருவேன். பஸ் குறைவு என்பதால் என் வண்டியில் ஏறாதவர் இல்லை.

எங்கள் ஊரைத் தெருக்களைக் கொண்டுதான் சொல்ல முடியும். பள்ளிவாசல் தெருவில் நாங்கள். எங்கள் வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் உருது. ஊர்த்தெருவில் இருந்தவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களிலும் பாதிப் பேருக்குச் சொந்த நிலம் கிடையாது, கரும்பு வெட்டப் போவார்கள். கோயிலைச் சுற்றித் தெலுங்கு பேசும் சில வீடுகள். வாய்க்கால் தாண்டினால் காலனி. சந்தை நாளில் சாமையும் தேனும் கடுக்காயும் சுமந்துகொண்டு மலைவாசிகளான மலையாளிகள் இறங்கி வருவார்கள். பெயர்தான் அப்படி, கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வண்டிக்குள் இத்தனை பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வருவார்கள். இறங்கியதும் அவரவர் தெரு.

நிறுத்தத்தில் இருந்த டீக்கடை, ஊர்த்தெருவைச் சேர்ந்த என் சிநேகிதனுடையது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். என்னை மச்சான் என்பான், அவன் தம்பி என்னை மாமா என்பான். ரம்ஜானுக்கு எங்கள் வீட்டில் முதல் சாப்பாடு அவனுக்கு. பொங்கலுக்கு அவன் வீட்டுக் கரும்பு எங்கள் வாசலில் வந்து இறங்கும்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தபோது ஊர்த்தெருவே சாலைக்கு வந்துவிட்டது. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. என் சிநேகிதனின் தம்பி படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், அண்ணன் கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். அதைத் தினமும் பார்த்தவன் நான். அவர்களுக்குக் கிடைக்கட்டும் என்று நானும் விரும்பினேன்.

வண்டிகளை மறிக்க, சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். அந்த மரங்களின் காய்ப்பை அந்த வருஷம் குத்தகைக்கு எடுத்திருந்தவன் காலனிக்காரன் ஒருவன். என் வண்டியில் வழக்கமாக வருபவன். காய் பழுக்கும் பருவம். அவன் ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டு கெஞ்சியிருக்கிறான். டீக்கடைக்காரனின் தம்பி கோடாலிக் காம்பால் ஓங்கி அடித்ததில் அவன் வலது கை முறிந்துபோனது.

மறுநாள் காலை அவன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"பாய், கையி வீங்கிக்கினே போவுது. கள்ளக்குறிச்சி ஆசுபத்திரிக்கு இட்டுக்கினு போங்க. அப்டியே போலீசு டேசன்லயும் சொல்லணும்னு சொல்றாரு."

சாலை முழுக்க மரம் கிடக்கிறதே, எந்த வழியாகப் போவது என்று கேட்க நான் நேரே டீக்கடைக்குப் போனேன். கடையைப் பாதி சாத்திவிட்டு அவன் உள்ளே இருந்தான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதையும் மறைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். அடுப்பைக் கிளறிவிட்டு நிமிர்ந்தான்.

"ரோடு பக்கம் போவாத மச்சான். ஏரிக்கரை வழியா போ. அங்க யாரும் இல்ல. எப்ப கெளம்புற?"

"இதோ, இப்பவே."

"போ, போ. பாவம், கை ஒடிஞ்சவன்" என்றான்.

கை முறிந்தவனையும் அவன் மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஏரிக்கரை குறுகல், ஒரு வண்டிதான் போகலாம். பாதித் தூரம் போனதும் பனைமரங்களுக்குப் பின்னாலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். தம்பிதான் முன்னால் நின்றான். என் வண்டியைக் கண்டு அவர்களில் ஒருவருக்கும் ஆச்சரியம் இல்லை.

"நீங்க எறங்காதீங்க மாமா. அவன மட்டும் எறக்குங்க."

"டேய், அவனுக்குக் கை முறிஞ்சிருக்குடா. வழிய வுடுங்க."

ஒருவன் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். இருவர் என் தோளில் கைபோட்டு, ஏதோ சமாதானம் சொல்பவர்களைப் போல, சீட்டிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அவனைக் கரைக்குக் கீழே இழுத்துப் போனார்கள். அவள் அலறினாள். நானும் கத்தினேன். அடிக்கும் சத்தம்தான் கேட்டது. பிறகு அவனைத் தூக்கி வந்து பின்சீட்டில் போட்டார்கள். போலீசுக்குப் போனால் காலனியே இருக்காது என்று சொல்லி, சாவியை என் கையில் பணிவாகவே கொடுத்தார்கள்.

முன்னால் அவர்கள் வழிவிடவில்லை, வண்டியைத் திருப்பவும் இடமில்லை. பின்னோக்கியே ஓட்டிவந்தேன். வாய்க்கால் பாலத்தில் அவள் கேட்டாள்.

"இந்த வழியில வர்றது உங்களுக்கும் எங்களுக்கும்தானே தெரியும் பாய்?"

வழியைச் சொன்னவனுக்கும் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த மௌனத்தை அவள் என்னவென்று எடுத்துக்கொண்டாளோ, இறங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேரே டீக்கடைக்குப் போனேன்.

"இன்னா மச்சான், உன் வண்டியில ஒரு கீறல் வுழுந்துச்சா? நான்தான் சொல்லி வெச்சிருந்தேன்" என்றான். முகத்தில் சிரிப்புகூட இருந்தது.

"அவன் செத்துடுவாம்போல இருக்குடா."

"போலீசுக்குப் போயிருந்தா என் தம்பி வாழ்க்கை இன்னா ஆவறது? நீயே சொல்லு."

"அதுக்கு என்னைய எதுக்குடா அனுப்புன?"

"வேற யாரு வண்டியில அவன் நம்பி ஏறுவான்?"

என்னைப் புகழ்வது போலத்தான் அதைச் சொன்னான். அவனை அடித்திருக்கலாம். கை எழவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். வழக்கம் போல ஒரு டீயை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தான். குடிக்காமல் எழுந்து வந்தேன். அதன் பிறகு அவனோடு பேசியதில்லை.

பள்ளிவாசலில் பெரியவர்களிடம் நடந்ததைச் சொல்லி, சாட்சி சொல்லப் போகிறேன் என்றேன். "நாம கொஞ்ச வூடுங்கதான். எல்லாரும் நம்ம கடைக்கு வர்றவங்க. வேணாம்ப்பா" என்றார்கள். அதையும் மீறிக் காலனிக்குப் போனேன். புகார் கொடுக்க வா, நான் சாட்சி என்று கூப்பிடத்தான் போனேன். அவள் கதவருகே நின்றாள். உள்ளிருந்து அவன் குரல் மட்டும் வந்தது.

"போ பாய். இட்டுக்கினு போனது போதும்."

சாலை திறந்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அந்தக் கை கோணலாகவே கூடிவிட்டது. காலனியில் யாரும் அப்புறம் என் வண்டியில் ஏறவில்லை. வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள், நான் நிறுத்தினாலும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தங்களுக்கு உதவியவன் என்று ஊர்த்தெருவில் எனக்கு மரியாதை கூடியது. அதுதான் தாங்க முடியவில்லை. ஜீப்பை விற்றுவிட்டுக் கள்ளக்குறிச்சிக்குக் குடிவந்தேன்.

பல வருஷம் கழித்துக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அந்தக் காலனிக்காரனைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, இடது கையில் பை. என்னை அடையாளம் கண்டு அவனே பக்கத்தில் வந்தான். பெங்களூரில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் வாட்ச்மேனாக இருப்பதாகச் சொன்னான்.

"ஒண்ணு கேக்கறேன் பாய். அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அல்லாமேல ஆணையா தெரியாது. அவன நம்பித்தான் வந்தேன்."

அவன் தலையை ஆட்டினான். சேலம் பஸ் வந்தது. "நானும் உங்கள நம்பித்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான்.