ஒருவருக்கு ஒரு வேலை

என் மகள் விமானப் பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளும் செம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே சந்தேகம்: அவள் விமானம் ஓட்டுவாளா, அதில் காபி கொடுப்பாளா? விமானத்தை யாராவது வடிவமைக்கவும் வேண்டும் என்பது எவருக்கும் தோன்றவில்லை. தெருவைக் குறை சொல்ல மாட்டேன். தெரு கல்லூரி நடத்தவில்லை. நடத்தியவர்களுக்கே தோன்றவில்லை என்பதுதான் என் புகார்.

ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய தனியார் கல்லூரி அது. இறுதியாண்டு தொடங்கியதும் முதலில் வந்தது ஒரு மென்பொருள் நிறுவனம். எல்லாத் துறையினரும் கட்டாயம் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். ஆய்வகத்தில் இறக்கை மாதிரியைச் சோதித்துக்கொண்டிருந்தவளைப் பாதியில் அழைத்துப்போய், ரயிலும் படகும் ஓடும் கணக்குகளைப் போடச் சொன்னார்கள். போட்டாள். வேலை கிடைத்துவிட்டது என்று இனிப்பு கொடுத்தார்கள்.

சில மாதங்கள் கழித்து, விமான இறக்கைகளை வடிவமைக்கும் பெங்களூர் நிறுவனம் ஒன்று வந்தது. அவள் படித்ததே அதற்குத்தான். பெயர் கொடுக்கப் போனவளைத் திருப்பி அனுப்பினார்கள். ஒருவருக்கு ஒரு வேலை; முதலில் கிடைத்ததே கடைசி. அந்நாளில் நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் இருந்த வழக்கம்தான்.

மத்திய அரசு அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தியவள் நான். எவ்வளவு மோசமான விதிக்கும் 'சிறப்பு நேர்வாக' என்று ஒரு சந்து இருக்கும். அந்த நம்பிக்கையில் விடுப்பு எடுத்துக்கொண்டு மகளோடு போனேன். வேலைவாய்ப்புப் பிரிவு அதிகாரி மரியாதையாக உட்கார வைத்தார்.

"எல்லாருக்கும் ஒண்ணு கிடைக்கணும் இல்லையா மேடம்? உங்க பொண்ணே ரெண்டு எடுத்துக்கிட்டா எப்படி?"

"ரெண்டு வேணாம் சார். முதல் வேலையை இப்பவே விட்டுடறா."

"ஐயோ, அப்படி விட்டா அந்தக் கம்பெனி அடுத்த வருஷம் நம்ம காலேஜுக்கே வராது."

"அப்ப விமானக் கம்பெனிக்கு யாரை அனுப்புவீங்க?"

"வேலை கிடைக்காத பசங்க இருக்காங்களே."

"சாஃப்ட்வேர்காரன் வேணாம்னவங்கதான் இறக்கை செய்யணுமா?"

"ஏரோ பசங்க மட்டும் இல்ல மேடம், சிவில்லகூட அஞ்சாறு பேர் இருக்காங்க" என்றார், எனக்கு ஆறுதலாக.

என் மகள் வாய் திறந்தாள். "சார், வேலைகூட வேணாம். டெஸ்ட் மட்டும் எழுதறேனே."

"எழுதிப் பாஸாயிட்டா என்னம்மா பண்றது?"

முதல்வரிடம் போனேன், அதே அதிகாரியைப் பார்க்கச் சொன்னார். தாளாளர், முதல்வரைப் பார்க்கச் சொன்னார். தேர்வு நடந்தது. பெங்களூர்க்காரர்கள் ஒருவரையும் எடுக்காமல் கிளம்பிப் போனார்கள்.

படிப்பு முடிந்தது. பொருளாதார மந்தம் என்று சொல்லி, மென்பொருள் நிறுவனம் சேரும் நாளைத் தள்ளிக்கொண்டே போனது. மகள் வீட்டில் இருந்தாள். அடுத்த சேர்க்கைக் காலத்தில், விமானப் பொறியியலில் அனைவருக்கும் வேலை என்று தாம்பரத்தில் கல்லூரி வைத்த விளம்பரப் பலகையில் அவள் படமும் சிரித்தது. அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி அதே அதிகாரிக்குத் தொலைபேசினேன்.

"ஆஃபர் வந்தாச்சே மேடம். எங்க கணக்குல அவ வேலையில இருக்கா."

இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேலையில் இருந்தவள் அப்போது பக்கத்து அறையில் பெங்களூர் நிறுவனத்துக்கு நேரடியாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். புதியவர்களைக் கல்லூரிகள் வழியாக மட்டுமே எடுப்பதாகப் பதில் வந்தது.