கோயில் படியிலிருந்து நாற்பது தப்படி

1. பாறையைக் காட்டியவர்

ஐம்பதுகளின் தொடக்கத்தில், கொத்மலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். என் நாட்குறிப்பில் 'வைகாசி, செவ்வாய், காலை ஏழரை' என்று இருக்கிறது. வெள்ளம் பாலத்தை அடித்துப்போய், தொழிலாளர் குடியிருக்கும் அக்கரை லயங்களில் இரண்டு நாளாக அரிசி இல்லை. இரும்புப் பாலம் போட இராணுவப் பிரிவொன்று வந்தது.

கரையெல்லாம் சேறு. பாலத்தை எதன்மேல் நிறுத்துவது என்று யாழ்ப்பாணத்துக் கெப்டன் யோசித்தபோது, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி சின்னப்பன் முன்னால் வந்தார்.

"இங்கன தோண்டுங்க தொர. பெரும்பாறை கெடக்கு."

கிடந்தது. பொழுது சாயுமுன் பாலமும் முடிந்தது.

பிறகு நடந்ததுதான் எனக்குப் புதிது. கெப்டன் எல்லோரையும் புல்லில் உட்காரவைத்து, எங்கே பிழை நடந்தது என்று கேட்டார். சார்ஜன்ட் கயிற்றை மறந்துவிட்டு வந்ததைச் சமையற்காரச் சிப்பாய் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். சார்ஜன்ட் தலையாட்டினார். எங்கள் பெரிய கிளாக்கரிடம் அப்படிப் பேசியவன் மறுநாள் வேலையில் இருக்கமாட்டான். சிப்பாய்கள் எல்லாவற்றையும் தங்கள் கோப்பில் எழுதிக்கொண்டார்கள்.

"பாறைக்கு அடையாளம் அந்தச் சவுக்கு மரம்," என்றார் கெப்டன்.

"மரத்த நம்பாதீங்க தொர. எங்க தொர வெறகுக்குன்னு வெட்டிப்புடுவாரு. மாரியம்மன் கோயில் படியிலேருந்து எண்ணிக்குங்க. நேரா ஆத்தப் பாத்து நாப்பது தப்படி."

கெப்டன் சிரித்தார். சின்னப்பனை நடக்கவிட்டு, நாடா பிடித்து அடிக்கணக்கையும் குறித்தார்கள்.

"ஆர் சொன்னது எண்டதும் இதில இருக்க வேணும். உம்மட பேரென்ன?"

2. மறுபடியும் வெள்ளம்

ஆறேழு ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பாலமும் போயிற்று. அக்கரையில் சின்னப்பனின் மகள் ராக்கு பிரசவ வலியில் கிடந்தாள். "புள்ள குறுக்கால கெடக்கு! ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்!" என்று மருத்துவிச்சி அக்கரையிலிருந்து கத்தினாள்.

அதே இராணுவப் பிரிவுதான் வந்தது; ஆனால் இந்தக் கெப்டன் சிங்களவர், சிப்பாய்களும் புதியவர்கள். பாறையை மண் மூடியிருந்தது. சவுக்கு மரத்தை எங்கள் தோட்டத் துரை வெட்டி வெகுகாலம். இடம் எதுவென்று என்னைக் கேட்டார்கள். நாட்குறிப்பைப் புரட்டினேன். நேரத்தை எழுதியிருந்தேன், இடத்தை எழுதவில்லை.

கெப்டன் தன் பிரிவின் பழைய கோப்பை விரித்து ஆங்கிலத்தில் வாசித்தார்: மரத்தை நம்ப வேண்டாம், கோயில் படியிலிருந்து நாற்பது தப்படி, சொன்னவர் சின்னப்பன், தோட்டத் தொழிலாளி.

"அவர் எங்கே?" என்றார். போன வருடம் இறந்துவிட்டார் என்றேன்.

படியிலிருந்து நாடா பிடித்தார்கள். மண்வெட்டிகள் இறங்கின. இடுப்பளவு ஆழத்தில் இரும்பு கல்லில் மோதியது. எங்கள் தொழிலாளர் பெயரேடான செக்றோலில் சின்னப்பனின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தவன் நானேதான். அவரை ஒருமுறையும் பார்த்திராதவர்கள் அவர் சொல்லை நம்பிப் பாலம் போட்டார்கள்.

ராக்குவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கடந்தார்கள். தாயும் பெண் குழந்தையும் பிழைத்தார்கள்.

பிறகொரு நாள் ராக்கு ஆபீஸ் வாசலுக்கு வந்தாள்.

"எங்கப்பன் சொன்னது அவுங்ககிட்ட எப்புடிங்கய்யா இருந்திச்சு?"

"எழுதி வச்சிருந்தாங்க."

"நீங்களுந்தானேங்கய்யா தெனம் எழுதுறீங்க?"

அன்றிலிருந்து என் நாட்குறிப்பில் நேரத்தோடு இடமும், சொன்னவர் பெயரும் இருக்கின்றன.