கல்லம்மாவின் மூன்றாம் பாகம்

புகைக்கொட்டகையில் தொங்கும் ரப்பர் ஷீட்டின் வாசம் ஒரு சித்திரக்கதைப் புத்தகத்திலிருந்து வருமா என்று கேட்டால், எங்கள் தோட்டத்தில் வளர்ந்த யாரும் வரும் என்றுதான் சொல்வார்கள். தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களாவில் படித்துத் தூக்கிப்போட்ட ஆங்கிலச் சித்திரக்கதைகளை, அங்கே புல் வெட்டும் வேலை பார்த்த மாணிக்கண்ணனின் அப்பா நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்குக் கொண்டுவருவார். அடுப்புப் பற்றவைக்க அவை போய்விடாதபடி, மாணிக்கண்ணன் அவற்றைப் புகைக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின்னில் ஒளித்துவைப்பார். அதனால் நீல வானத்தில் பறக்கும் வீரர்கள்கூட எங்களுக்குப் புகைவாசத்தோடுதான் பறந்தார்கள்.

அவற்றில் எங்களைப் பைத்தியமாக்கியது ஒரு துறைமுக நகரத்தைக் காக்கும் ஆறு பேர் கொண்ட அணியின் கதை. இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த அணிகளைப் பற்றிப் பேசும் பிள்ளைகளிடம் இந்த அறுவரைச் சொன்னால், அத்தை ஏதோ கதைவிடுகிறாள் என்றுதான் பார்க்கிறார்கள். ஆனால் எங்களுக்கு அவர்களை விட்டால் வேறு வீரர்கள் கிடையாது. தினமும் காலையில் அவர்கள் கலங்கரை விளக்கத்தின் கீழ் வரிசையாக நிற்பதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘பெரட்டு’. விடியற்காலையில் எங்கள் அப்பா அம்மாவெல்லாம் பெயர் கூப்பிட நிற்பதும் பெரட்டுதானே. தீக்கையுறை போட்டவர் ‘தலைவர்’. உடம்பெல்லாம் கல்லான பெண்ணின் ஆங்கிலப் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் அவள் ‘கல்லம்மா’ ஆனாள்.

மாணிக்கண்ணன் அப்போது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தை மரத்தில் பால் பிடிக்கும் ஒரு மங்கில் ஊற்றினால் பாதிகூட நிறையாது, ஆனாலும் கூச்சமே இல்லாமல் எங்களுக்கு மொழிபெயர்ப்பார். மூன்று பாகமாக வந்த ஒரு கதையின் இரண்டாம் பாகத்தில், கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே படம். வில்லனின் பெரிய கோபுரம், அதன் இரும்புக் கேட், கேட்டுக்கு வெளியே முஷ்டியை உயர்த்தி நிற்கும் ஐந்து வீரர்கள், தலைவரின் வாயிலிருந்து பெரிய எழுத்தில் ‘ஸ்ட்ரைக்’ என்று ஒரே ஒரு சொல். கல்லம்மா மட்டும் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டுக்குள்ளே போகிறாள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? ஸ்ட்ரைக் என்றால் எங்களுக்கு ஒரே பொருள்தான். வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் கேட்டுக்கு வெளியே நிற்கையில் ஒருத்தி மட்டும் உள்ளே போனால் அவளுக்குப் பெயர் ‘கருங்காலி’. வில்லன் துரையிடம் சம்பளம் வாங்கப் போகிறாள் என்று மாணிக்கண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சேர்ந்து விளையாடும்போது அந்த வேடத்தை யாரும் தொடவில்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

என்னைப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் தோட்டத்திலும் ஸ்ட்ரைக் நடந்தது. என் அம்மாவுக்கு ஆயாக்கொட்டகையில், பால்வெட்டப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஸ்ட்ரைக் நாட்களிலும் அம்மா கொட்டகையைத் திறந்தார், கஞ்சி காய்ச்சினார், வீட்டில் அடுப்பெரியாத பிள்ளைகள் வந்து குடித்துவிட்டுப் போனார்கள். கொட்டகை திறந்தால் துரையின் கணக்கில் அதுவும் வேலைதான் என்று சிலர் அம்மாவைக் கருங்காலி என்றார்கள். அம்மா மறுநாளும் கஞ்சிப் பானையை அடுப்பில் ஏற்றினார். அம்மாவுக்கு வைத்த அந்தப் பெயர் எனக்கும் வந்தது, கல்லம்மாவின் வேடமும் கூடவே வந்தது. எனக்கு அப்போது பற்றிக்கொண்டு வந்தது. இன்று எழுதும்போதும் கொஞ்சம் வருகிறது.

மூன்றாம் பாகம் வந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். அது வரவேயில்லை. துரை குடும்பத்தோடு மாற்றலாகிப் போய்விட்டார், பிஸ்கட் டின் துருப்பிடித்தது, நாங்களும் ஒவ்வொருவராக ஈப்போ நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். பழைய தோட்டத்து நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் மாணிக்கண்ணன் இன்றைக்கும் என்னை, “ஏ கருங்காலி, திருவிழாவுக்கு வாரியா?” என்றுதான் கூப்பிடுவார். ஐம்பதைத் தாண்டிய நானும் “வாரேண்ணே” என்று பதில் போடுவேன்.

போன ஞாயிறு ஈப்போவில் பழைய சாமான் சந்தையில், ஒரு சீனப் பெரியவரின் கடையில் துருப்பிடித்த இஸ்திரிப்பெட்டிகளுக்கு நடுவே அது கிடந்தது. தலைவரின் தீக்கையுறை, அந்தக் கோபுரம், மூலையில் ‘மூன்றாம் பாகம்’ என்று ஆங்கிலத்தில். நான் அட்டையையே பார்த்துக்கொண்டு நிற்கவும் பெரியவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை, காசைக் கொடுத்துவிட்டுக் காருக்கு ஓடிப்போய், கதவைக்கூடச் சாத்தாமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படித்தேன், பிறகு ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். உடனே மாணிக்கண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, மூணாவது கெடச்சிருச்சு. வீட்டுக்கு வாங்க.”

“பொய் சொல்லாத லா. இரு, வாரேன்.”

அவர் வீடு இருக்கும் ஜெலாப்பாங்கிலிருந்து என் வீடு இருக்கும் குனோங் ராபாட்டுக்கு அவர் எந்தச் சிக்னலில் நின்றார் என்று எனக்குத் தெரியாது. நான் வீடு சேர்ந்தபோது அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. கூடத்தில் அம்மா வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாணிக்கண்ணனிடம் புத்தகத்தை நீட்டினேன். அவர் முதலில் அதை மூக்கில் வைத்துப் பார்த்து, “வாசமே இல்லியே” என்று குறைப்பட்டுக்கொண்டார். பிறகு பழையபடியே, விரலை ஓட்டி ஓட்டி, சத்தமாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து தேறிய ஆங்கிலம் இப்போது தடுக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில்தான் தடுக்கியது.

“இது அந்த ஸ்ட்ரைக் இல்ல லா,” என்றார் மெதுவாக. “தலைவரு அடிங்கன்னு சொல்றாரு. கோபுரத்த இடிக்கச் சொல்றாரு.”

கோபுரத்தின் அடியில் நகரத்துப் பிள்ளைகள் அடைபட்டிருக்கிறார்கள். அவர்களின் குரல் கல்லம்மாவின் காதுக்கு மட்டும் கேட்டிருக்கிறது. ஐவரும் வெளியிலிருந்து அடிக்க, கூரை இறங்குகிறது. கல்லம்மா இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். கடைசிப் பிள்ளை வெளியேறும்வரை அவள் அசையவில்லை. மாணிக்கண்ணன் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டார். அவருடைய சின்னத் தங்கை ஸ்ட்ரைக் நாட்களில் ஆயாக்கொட்டகையில் கஞ்சி குடித்தவள்.

“சின்னம்மா,” என்றார் என் அம்மாவைப் பார்த்து. படத்தை அம்மாவின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அம்மாவுக்கு அவர் முகத்தைக் கவனிக்க நேரமில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாவம்டா, அத்தன நேரம் தாங்கிக்கிட்டு நின்னாளே, கை நோவலையாமா அவளுக்கு? யாராச்சும் ஒரு வாய் தண்ணி குடுத்தாங்களா?”

மாணிக்கண்ணன் பக்கங்களைப் புரட்டித் தேடினார். “குடுக்கல சின்னம்மா,” என்றார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய், ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தார். “எனக்குத் தாகம் இல்லியே” என்று சொல்லிக்கொண்டே அம்மா அதை முழுவதும் குடித்தார்.

எங்கள் தோட்டம் இப்போது ரப்பருக்குப் பதில் எண்ணெய் எடுக்கும் செம்பனையாக நிற்கிறது. லயங்களை இடித்துவிட்டார்கள், புகைக்கொட்டகையின் செங்கல்கூட மிச்சமில்லை, ஆயாக்கொட்டகை இருந்த இடத்தை என்னால் அடையாளம் காட்ட முடியாது. இவ்வளவும் போன பிறகும் கருங்காலி என்ற அந்த ஒரு சொல் மட்டும் என் கூடவே ஈப்போவரை வந்திருந்தது. இன்று காலை வாட்ஸாப்பைத் திறந்தேன். மாணிக்கண்ணன் குழுவுக்கே எழுதியிருந்தார்: “வர்ற ஞாயித்துக்கிழம கல்லம்மா வீட்டுல பெரட்டு. எல்லாரும் வந்துரணும்.”